கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு மெட்ரோ: தினமும் போய்வருவதா, ஓசூரில் தங்குவதா, நகரத்துக்குள்ளேயே அறை எடுப்பதா?

பெங்களூருவில் வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து வீடொன்றுக்கு வந்தால், இனிப்பு வாங்கி வருவதற்குள் அடுத்த பேச்சு தொடங்கிவிடுகிறது: பையன் எங்கே தங்குவது, பெண் எப்படிப் போய்வருவது? 2025 ஆகஸ்ட் 10 அன்று பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் ஓசூர் சாலையில் உள்ள பொம்மசந்திரா வரை திறக்கப்பட்ட பிறகு இந்தப் பேச்சில் புதிதாக ஒரு வாதம் சேர்ந்திருக்கிறது. "அத்திப்பள்ளி தாண்டினால் மெட்ரோ வந்துவிட்டதே, வீட்டிலிருந்தே போய்வரலாமே" என்கிறார்கள். இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகளோடு மெட்ரோவில் ஏறி, குளிரூட்டிய பெட்டியில் உட்கார்ந்து, சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலை மேலிருந்து வேடிக்கை பார்த்துவிட்டு வந்தவராக இருப்பார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதே பெட்டியில் அவரை ஏற்றிவிட்டால் வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

நான் இந்தச் சாலையில் நெடுநாள் போய்வருகிறவன். அக்கா மகன் தொடங்கி எங்கள் தெருப் பிள்ளைகள் வரை யார் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்கிறேன். கிலோமீட்டரை எண்ணாதீர்கள், டிக்கெட் விலையையும் முதலில் எண்ணாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலி வரை எத்தனை முறை இறங்கி ஏற வேண்டும் என்று எண்ணுங்கள். உட்கார்ந்து போகும் ஒரு மணி நேரத்தை உடம்பு தாங்கிக்கொள்ளும். மாறும் இடத்தில் நிற்கும் பத்து நிமிடத்தைத் தாங்காது. அந்தப் பத்து நிமிடம் சில நாள் இரண்டாகும், சில நாள் இருபத்தைந்தாகும். எந்த நாள் எது என்று தெரியாது. வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தைத் தீர்மானிப்பது நல்ல நாள் அல்ல, மோசமான நாள்தான். மாறும் இடம் ஒன்று கூடினால் அலாரம் இருபது நிமிடம் முன்னே நகர்கிறது.

மெட்ரோவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எந்த வழியை எடுத்தாலும் அது எங்காவது குறுக்கே வருகிறது. அதன்மீது எனக்கு வெறுப்பு ஏதுமில்லை. பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 16 நிலையங்கள், ஏறத்தாழ 35 நிமிடம். இதே தூரத்தை மாலை வேளையில் ஓசூர் ரோட்டில் பஸ்ஸில் ஊர்ந்து கடந்தவன் அந்த 35 நிமிடத்தைக் குறை சொல்ல மாட்டான். ஓடும் ரயில் யாருக்கும் தொல்லை தருவதில்லை. இன்னும் வராத ரயில்தான் தருகிறது.

மஞ்சள் வழித்தடத்தின் கதையே அதுதான். தூண்களும் நிலையங்களும் தயாராக நிற்க, ஓட்டுவதற்கு ரயில் இல்லாமல் காத்துக் கிடந்த பாதை அது. 2019இல் சீனாவின் சிஆர்ஆர்சி நிறுவனத்துக்குப் பெட்டிகளுக்கான ஒப்பந்தம் போனது. 2020இல் இந்திய–சீன எல்லையில் மோதல் வந்தது, காரியம் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் டிட்டாகர் நிறுவனத்தின் மேற்கு வங்க ஆலையில் பெட்டிகள் கட்டப்பட ஏற்பாடானது. சீனாவிலிருந்து வந்த முதல் தொடர் 2024 பிப்ரவரியில்தான் பெங்களூருவைத் தொட்டது. பாதை திறந்தபோது கையில் இருந்தவை மூன்றே ரயில்கள். 25 நிமிடத்துக்கு ஒன்று. பிறகு ஒவ்வொன்றாக ரயில்கள் சேரச் சேர இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. ஆனாலும் பழைய ஊதா, பச்சை வழித்தடங்களின் நடுப்பகுதியில் நெரிசல் நேரத்தில் சில நிமிடத்துக்கு ஒரு ரயில் வந்துகொண்டே இருப்பதைப் பார்த்துப் பழகியவருக்கு இங்கே நின்றால் பொறுமை போய்விடும். இடைவெளி நீண்டால் காத்திருப்பு மட்டும் நீள்வதில்லை. அந்த நேரமெல்லாம் நடைமேடையில் கூட்டம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. வந்து நிற்கும் ஆறு பெட்டிகளுக்குள் அத்தனை பேரும் நுழைந்தாக வேண்டும்.

ஆர்.வி. ரோடு நிலையத்தில் காலை ஒன்பது மணிக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று பாருங்கள். மஞ்சளிலிருந்து இறங்குகிறவர்கள் பச்சைக்குப் போக வேண்டும், பச்சையிலிருந்து இறங்குகிறவர்கள் மஞ்சளுக்கு. இரண்டு கூட்டமும் ஒரே படிக்கட்டில் எதிரெதிரே சந்திக்கின்றன. நகரும் படிக்கட்டின் மேல் முனையில் கால் வைத்ததும் ஒருவர் நின்று கைப்பேசியை எடுத்து எந்தப் பக்கம் என்று பார்ப்பார். அவர் முதுகில் பின்னால் வருகிற பத்துப் பேர் மோதுவார்கள். ரயிலுக்குள் முதுகுப்பையைக் கழற்றாதவர் திரும்பும்போதெல்லாம் ஒருவர் கண்ணாடி நழுவும். கடைசி நிலையத்தில் இறங்கப்போகிறவர் முதல் நிலையத்திலிருந்தே கதவை மறித்து நிற்பார். காதொலிப்பான் இல்லாமல் ஒருவர் கைப்பேசியில் நகைச்சுவைத் துணுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவார். அவர் சிரிக்கவும் மாட்டார், நிறுத்தவும் மாட்டார்.

வாயில் கதவுகளுக்குத் தனிக் குணம் உண்டு. கைப்பேசியில் எடுத்த கியூஆர் டிக்கெட் கதவருகே வந்ததும்தான் திறக்க மறுக்கும். திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துச் சாய்த்துப் பார்ப்பதற்குள் பின்னால் உச்சுக் கொட்டும் சத்தம் கேட்கும். ஸ்மார்ட் கார்டு வைத்திருப்பவர் தப்பித்தார் என்று சொல்வதற்கில்லை. கட்டணம் உயர்ந்தபோது கார்டில் இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகையும் 90 ரூபாய் ஆனது. பத்து ரூபாய்ப் பயணத்துக்குக்கூடக் கார்டில் அவ்வளவு இருந்தாக வேண்டும். எண்பத்தைந்து ரூபாயோடு வாயிலில் நிற்பவரின் முகத்தை எந்தக் காலையிலும் பார்க்கலாம். இதற்கெல்லாம் முன்னால் பை சோதனைக் கருவி, உடல் சோதனை வரிசை. மதியச் சோற்றுக்குக் கொண்டுபோகும் அடுக்குத் தூக்கு உருளைப் பட்டையில் கவிழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஒரு தனி வித்தை.

இன்னொன்று எல்லா மெட்ரோவுக்கும் பொதுவானதல்ல, பெங்களூருவில் உண்டு. இங்கே மின்சாரம் தலைக்கு மேல் கம்பியில் வருவதில்லை. தண்டவாளத்தை ஒட்டியே ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்னோட்டமாக வருகிறது. யாராவது தண்டவாளத்தில் இறங்கிவிட்டால் அந்தப் பகுதி மின்சாரத்தையே நிறுத்த வேண்டும். ஒரு நிலையத்தில் நடந்ததற்கு வழி நெடுக ரயில்கள் நின்றுவிடும். சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களில் நடைமேடைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கண்ணாடிக் கதவுகள் இருக்கின்றன. பெங்களூருவில் பெரும்பாலான நிலையங்களில் அப்படிப் பார்க்க முடிவதில்லை. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள் என்று காவலர் விசில் ஊதிக்கொண்டே இருப்பார். அந்த விசில் சத்தம் வீட்டுக்கு வந்த பிறகும் காதில் இருக்கும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு இப்போது வழிகளைப் பார்ப்போம்.

வீட்டிலிருந்தே தினமும் போய்வருவது. தருமபுரிக்காரர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: வேண்டாம். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், அங்கிருந்து பொம்மசந்திரா, பிறகு மெட்ரோ, பிறகு ஆட்டோ. ஒரு வாரம் வீறாப்பாகப் போகலாம். இரண்டாவது வாரம் வீட்டில் சண்டை வரும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கொஞ்சம் யோசிக்க இடமிருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை 44இல் சூளகிரி வழியாகப் பஸ்ஸுக்குக் குறைவில்லை, விடியற்காலையில் உட்கார இடமும் கிடைக்கும். அலுவலகம் எலக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திரா தொழிற்பேட்டையிலோ இருந்து, வேலை முறையான பகல் நேரமாக இருந்து, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யவும் அனுமதி இருந்தால் இந்த வழி ஓடும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஓடாது. ஆர்.வி. ரோட்டைத் தாண்டி மெஜஸ்டிக் பக்கமோ வைட்ஃபீல்டு பக்கமோ வேலை என்றால் ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. சம்பளத்தில் மிச்சம் பிடித்த வாடகைப் பணம் மருந்துக் கடைக்குப் போகும்.

பெங்களூரு செல்லும் நேரடி பஸ்ஸில் ஏறி, மெட்ரோவைத் தொடாமலேயே போய்விடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சில்க் போர்டிலோ சாந்திநகரிலோ நடந்துபோகும் தூரத்தில் அலுவலகம் இருந்தால் கேட்பது நியாயம். ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். ஆனால் ஏறும்போதே நடத்துநரிடம் மேலே போகுமா, கீழே போகுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டு வரை ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் உயர்மட்டச் சாலை 2010இலிருந்து இருக்கிறது. அதில் ஏறிவிட்ட பஸ்ஸுக்குக் கூட்லு கேட், ஹொங்கசந்திரா, பொம்மனஹள்ளி எல்லாம் காலடியில் இருக்கும். ஆனால் இறங்க முடியாது. அந்த இடங்களில் வேலை செய்பவர்களுக்காகவே மஞ்சள் மெட்ரோ வந்ததுபோல் இருக்கிறது, மூன்று இடத்திலும் நிலையம் உண்டு.

ஓசூரில் அறை எடுத்துத் தங்குவதைத்தான் நான் அதிகம் பேருக்குச் சொல்கிறேன். அதற்குக் காரணம் வாடகை மட்டுமல்ல. பெங்களூருவைவிட ஓசூரில் வாடகை குறைவு, பத்து மாத முன்பணம் கேட்டுக் கழுத்தைப் பிடிக்கும் வழக்கமும் அங்கே அவ்வளவு இல்லை, அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது கூட்டத்தின் திசை. காலையில் மஞ்சள் வழித்தடத்தில் பெரும் கூட்டம் நகரத்திலிருந்து எலக்ட்ரானிக் சிட்டியை நோக்கி வருகிறது. ஓசூர்க்காரர் பொம்மசந்திராவில் ஏறி எதிர்த்திசையில் போகிறார். அது முனை நிலையம். காலி ரயில் வந்து நிற்கும், உட்கார இடம் கிடைக்கும். எலக்ட்ரானிக் சிட்டிக்குள்ளேயே இறங்குபவருக்கு நான்கைந்து நிலையம்தான், நின்றாலும் தெரியாது. மாலையில் ஆர்.வி. ரோட்டில் ஏறினாலும் அதுவும் முனை நிலையம். இருபுறமும் உட்கார்ந்து போகும் வாய்ப்பு பெங்களூரு மெட்ரோவில் வேறு யாருக்கும் இவ்வளவு எளிதாக வாய்ப்பதில்லை.

ஆனால் ஓசூரில் எங்கே தங்குகிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பஸ் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுத்தால் பஸ், மெட்ரோ என்று ஒரே ஒரு மாறும் இடம். பாகலூர் சாலையிலோ தேன்கனிக்கோட்டைச் சாலையிலோ உள்ளே தள்ளி, ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று வீடு பார்த்தால், டவுன் பஸ், வெளியூர் பஸ், மெட்ரோ, கம்பெனி வண்டி என்று நான்காகிவிடும். பெண்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் டவுன் பஸ்ஸில் மகளிருக்குக் கட்டணமில்லை. அதனால் ஜூஜூவாடி வரை இலவசமாகப் போய், எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் பெங்களூரு நகர பஸ்ஸான பிஎம்டிசி பிடிப்பவர்கள் உண்டு. கர்நாடகத்தின் இலவச பஸ் பயணத் திட்டமான சக்தி அந்த மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்குத்தான். ஓசூர் முகவரியுள்ள ஆதாரைக் காட்டினால் நடத்துநர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிடுவார். ஆக மிச்சம் இருபது, முப்பது ரூபாய். கூடுவது ஒரு மாறும் இடம், எல்லையோரத்தில் ஒரு நடை. மழை நாளில் அந்த நடை யாருக்கும் பிடிக்காது. ஓசூரிலிருந்து நேராகப் பொம்மசந்திராவில் நிற்கும் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிடுவதே மேல்.

எலக்ட்ரானிக் சிட்டி என்றதும் நிலையத்தில் இறங்கினால் அலுவலகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிலையங்கள் ஓசூர் சாலையின் மேல் நிற்கின்றன; அலுவலகங்கள் உள்ளே பரந்து கிடக்கின்றன, அதிலும் இரண்டாம் கட்டப் பகுதி நடக்கிற தூரமில்லை. கம்பெனி வண்டி எந்த நிலையத்திலிருந்து, எத்தனை மணிக்கு என்பதை வேலைக்குச் சேரும்போதே மனிதவளத் துறையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் நின்று ஆட்டோவுக்குப் பேரம் பேசத் தொடங்கினால் மெட்ரோவில் மிச்சம் பிடித்த நேரமும் பணமும் அந்த இரண்டு கிலோமீட்டரில் கரைந்துவிடும்.

ரயிலை நம் பக்கத்துக்காரர்கள் பாதிப் பேர் மறந்தே போகிறார்கள். அதற்குச் சரித்திரக் காரணமும் உண்டு. மாவட்டத் தலைநகரமான கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்று ரயில் நிலையமே இல்லை. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும் குறுகிய பாதை ரயில்கள் ஓடிய காலம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். மொரப்பூர்–தருமபுரிப் பாதைக்கு 2019இல்தான் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். இப்போது இருப்பது சேலத்திலிருந்து தருமபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூரு போகும் பாதை. ஓசூருக்கு அப்பால் ஆனேக்கல் ரோடு, ஹீலலிகே, கார்மேலாரம், பெல்லந்தூர் ரோடு, பிறகு பையப்பனஹள்ளி.

இந்தப் பெயர்களை இன்னொரு முறை படியுங்கள். கார்மேலாரம் என்றால் சர்ஜாப்பூர் சாலை. பெல்லந்தூர் ரோடு என்றால் வெளிவட்டச் சாலையின் தொழில்நுட்பப் பூங்காக்கள். பையப்பனஹள்ளியில் இறங்கிப் பக்கத்திலேயே ஊதா மெட்ரோவில் ஏறினால் ஒரு பக்கம் எம்.ஜி. ரோடு, மறுபக்கம் வைட்ஃபீல்டு. சில்க் போர்டிலிருந்து கே.ஆர். புரம் வரை வெளிவட்டச் சாலையில் நீல வழித்தடம் இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது. அதுவரை பெல்லந்தூரில் வேலை செய்யும் ஓசூர்க்காரருக்கு மெட்ரோவால் பெரிய பயன் இல்லை, ரயிலால் உண்டு. மாத சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான். மெட்ரோவில் தினமும் போய்வருபவருக்கு அப்படியொரு மலிவான மாத டிக்கெட் கிடையாது.

பணக் கணக்கு வந்ததால் அதையும் முடித்துவிடுகிறேன். 2025 பிப்ரவரியில் மெட்ரோ கட்டணம் உயர்ந்தபோது உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது, குறைந்தபட்சம் 10. பொம்மசந்திராவிலிருந்து வைட்ஃபீல்டுக்கு, ஆர்.வி. ரோட்டிலும் மெஜஸ்டிக்கிலும் மாறி, உச்சக் கட்டணத்தில் போய்வரும் ஒருவருக்கு மாதம் 25 வேலை நாளுக்கு 4,500 ரூபாய். ஸ்மார்ட் கார்டின் ஐந்து சதவீதத் தள்ளுபடி போனால் 4,275. நெரிசல் இல்லாத நேரத்தில் இன்னும் ஐந்து சதவீதம் குறையும், ஆனால் வேலைக்குப் போகிறவர் நெரிசல் நேரத்தில்தானே போவார்? இதோடு ஓசூர் பஸ் செலவையும் சேர்த்தால், வைட்ஃபீல்டு பக்கமே நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் அறையில் ஒரு பங்கு வாடகைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

ரயிலுக்கும் குறை உண்டு, பெரிய குறை. பாதையின் பெரும்பகுதி ஒற்றைப் பாதை. எதிரே வரும் விரைவு ரயிலுக்கு வழிவிட ஏதோ ஒரு நிலையத்தில் ஓரமாக நிறுத்திவிடுவார்கள். ஏன், எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இறங்கித் தேநீர் குடித்துவிட்டு வரலாமா என்ற யோசனையில் பாதி நேரம் போகும். ஓசூர்–பையப்பனஹள்ளி இடையே இரட்டைப் பாதைப் பணி முடிந்துவிட்டால் இந்தக் கட்டுரையின் தீர்ப்பையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். காலையில் அலுவலக நேரத்துக்குப் பொருந்தும் ரயில்களும் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருப்பதைவிட பஸ் நிலையத்துக்கு ஓடுவதே மேல். கோயம்புத்தூர்–பெங்களூரு வந்தே பாரத் தருமபுரியிலும் ஓசூரிலும் நிற்கிறது, உண்மை. அதில் சீசன் டிக்கெட் செல்லாது, அது பெங்களூரு சேரும் நேரமும் அலுவலகத்துக்கு ஆகாது.

தருமபுரிப் பிள்ளைகளுக்கு மிச்சமிருப்பது பெங்களூருக்குள்ளேயே அறை. இங்கே நான் சொல்வது பலருக்கும் பிடிப்பதில்லை: மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் அறை தேடாதீர்கள், அலுவலகத்துக்குப் பக்கத்தில் தேடுங்கள். 'மெட்ரோவுக்கு ஐந்து நிமிடம்' என்று விளம்பரத்தில் போட்ட நாளிலேயே அந்த விடுதியின் வாடகை ஏறிவிட்டது. ஏறிய வாடகையையும் கொடுத்து, தினமும் மெஜஸ்டிக் சுரங்க நிலையத்தில் ஊதாவுக்கும் பச்சைக்கும் நடுவே கூட்டத்தோடு நகர்ந்துகொண்டும் இருக்க வேண்டும் என்றால், ஊரை விட்டு வந்ததற்கே அர்த்தமில்லை. அலுவலகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் சுமாரான அறை கிடைத்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வருகிறதா என்று மட்டும் கண்ணைத் திறந்து பாருங்கள். 2024 கோடையில் பெங்களூருவில் லாரித் தண்ணீருக்கு அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும். அது முடியாவிட்டால், மாறாமல் ஒரே வழித்தடத்தில் போகும்படி அறை எடுங்கள். வைட்ஃபீல்டில் வேலை என்றால் ஊதா வழித்தடத்திலேயே, முடிந்தால் காலையில் கூட்டம் வரும் திசைக்கு எதிர்ப்பக்கமாக. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றால் ஹெப்பகோடியோ ஹுஸ்கூர் ரோடோ. அங்கே நம் பக்கத்துக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தோசை மாவுக்கும் பஞ்சமில்லை.

சில கம்பெனிகளில் சென்னையா, பெங்களூருவா என்று கேட்கிறார்கள். மெட்ரோவை மட்டும் வைத்துப் பார்த்தால் சென்னையில் உச்சக் கட்டணம் 50 ரூபாய், ரயிலில் நான்கு பெட்டிகள். ஆனால் தருமபுரிக்காரர் மாதம் ஒருமுறை ஊருக்கு வருவதற்கும் வாரா வாரம் வருவதற்கும் உள்ள வித்தியாசம் கட்டண வித்தியாசத்தைவிடப் பெரியது.

வாரா வாரம் வருகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை தனிப் பாடம். சில்க் போர்டில் நின்றால் சேலம், தருமபுரி பஸ்களில் இடம் பிடிக்கலாம், ஆனால் அந்த பஸ் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டுவதற்குள் பொழுது போய்விடும். மெட்ரோவில் பொம்மசந்திரா வரை வந்து அங்கே பிடித்தால் நெரிசல் தப்பும், ஆனால் வருகிற பஸ்ஸெல்லாம் நிரம்பியிருக்கும், சில நிற்காமலே போகும். ஓசூர் வரை போகிறவர் தயங்காமல் மெட்ரோவில் வரலாம். ஓசூருக்கு நின்றுகொண்டு போனாலும் அரை மணி, முக்கால் மணி. கிருஷ்ணகிரிக்காரர் பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் போய், ஓசூர் பஸ் நிலையத்தில் புறப்படும் பஸ்ஸில் உட்கார்ந்து போகலாம். மாறும் இடம் கூடினாலும் இந்த ஒரு நாள் அது லாபம். தருமபுரிக்காரர் முன்பதிவு செய்து, பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறிவிட வேண்டும். தீபாவளி, பொங்கலுக்கு முதல் நாள் இந்த யோசனை எதுவும் செல்லாது. அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் எல்லாரும் ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை ஊரிலிருந்து திரும்பும்போது மூட்டை முடிச்சைக் கட்டுப்படுத்த வேண்டும். அம்மாக்கள் கேட்க மாட்டார்கள். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரி வீடு எதிலிருந்தும் வெறும் கையோடு யாரும் கிளம்புவதில்லை. செந்தூரா ஒரு பெட்டி, மல்கோவா பத்து, அரிசி ஐந்து கிலோ, ஊறுகாய். பஸ்ஸின் அடியில் தூக்கிப் போட்டுவிடலாம். மெட்ரோவில் பையின் எடைக்கும் அளவுக்கும் வரம்பு உண்டு, 15 கிலோதான். மீறினால் வாயிலிலேயே காவலர் தடுத்து ஓரமாக நிற்கச் சொல்வார். வைக்கோலும் பழமுமாக இருக்கும் பெட்டியைச் சோதனைக் கருவி திரையில் பார்த்துவிட்டு, திறந்து காட்டச் சொல்லி, காட்டிய பிறகு மணத்தில் மயங்கி எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று கேட்ட காவலரையும் பார்த்திருக்கிறேன். பின்னால் நின்ற வரிசை அதை ரசிக்கவில்லை. பெரிய மூட்டை இருக்கும் திங்கட்கிழமையில் மெட்ரோவை மறந்துவிட்டு நேரடி பஸ்ஸில் போய், சில்க் போர்டில் இறங்கி ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி வராமல் இருக்காது: மெட்ரோ ஓசூருக்கே வரப்போகிறதாமே? பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்கு 23 கிலோமீட்டர் நீட்டிப்பதற்கான ஆய்வைத் தமிழ்நாட்டின் பக்கத்திலிருந்து சென்னை மெட்ரோ நிறுவனம் எடுத்துச் செய்தது. இடறியது மேலே சொன்ன அதே மின்சாரத்தில். தமிழ்நாட்டின் பக்கம் யோசிக்கப்படுவது தலைக்கு மேல் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம். மஞ்சள் வழித்தடம் ஓடுவது மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்னோட்டம். ஒரு ரயில் இரண்டிலும் அப்படியே ஓட முடியாது. பொம்மசந்திராவில் இறங்கி வேறு ரயில் ஏற வேண்டிவரும். தொழில்நுட்பப்படி இணைப்பது சாத்தியமில்லை என்று 2025இன் பிற்பகுதியில் பெங்களூரு மெட்ரோ தரப்பு சொல்லிவிட்டது. இரண்டு மாநிலம், இரண்டு நிறுவனம், இரண்டு மின்சாரம். இந்த நிலையில், 'மெட்ரோ நிலையம் வரப்போகும் இடம்' என்று ஜூஜூவாடியிலிருந்து சூளகிரி வரை மனை விற்பவரின் துண்டுச் சீட்டை நம்பி முன்பணம் கொடுப்பது அவரவர் துணிச்சல். அடுத்த ஐந்தாண்டு வாழ்க்கையைத் திட்டமிடும்போது முனை நிலையம் பொம்மசந்திராதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகனுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு பேரோடு அறை எடுத்துக் கொடுத்தோம். அவனோடு படித்த பாலக்கோட்டுப் பெண்ணுக்கு மஹாதேவபுரா பக்கம் வேலை. அவளுக்கு நான் ஓசூர் ரயிலைச் சொன்னேன், அவள் அப்பா வீட்டிலிருந்தே ரயிலில் போகட்டும் என்றார், அவளோ இரண்டையும் விட்டு அலுவலகத்துக்கு அருகே பெண்கள் விடுதியில் சேர்ந்துவிட்டாள். அவள் செய்ததுதான் சரி. சில நாள் இரவு பத்து மணிக்கு வேலை முடிகிறதாம். அந்த நேரத்தில் ஓசூர் ரயிலை நம்ப முடியாது.

இரவு வேலைக்காரர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. மெட்ரோ இரவு பதினொரு மணியை ஒட்டி ஓய்ந்துவிடும், முனை நிலையங்களில் கடைசி ரயில் எப்போது என்று அவ்வப்போது மாறும் அட்டவணையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலை 44இல் ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பஸ்கள் இரவெல்லாம் ஓடுகின்றன. எலக்ட்ரானிக் சிட்டி சுங்கச்சாவடிக்கு அருகே கையைக் காட்டினால் நிற்கும் பஸ் எது, நிற்காத பஸ் எது என்பது அங்கே தேநீர்க் கடையில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும், அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.